பேசாத போனில் பேசியது

பள்ளிச் சீருடை தைக்கும் இடத்தில் எனக்கு வேலை. தையல் மெஷின் டிராயரில் நூல் சுற்றும் பாபின்களோடு போனையும் போட்டு வைத்திருப்பேன். சத்தம் வராமல் அதிரும்படி வைத்திருப்பதால், யாராவது கூப்பிட்டால் பாபின்கள் சேர்ந்து கடகடவென்று ஆடும். பக்கத்து மெஷின்காரி உடனே ஆரம்பித்துவிடுவாள்.

"எடுக்கா, லோன் குடுக்கக் கூப்பிடுறாக. உனக்கு வேணாம்னா எம்பேருக்கு எழுதிரச் சொல்லு."

எடுப்பேன். எந்த நம்பராக இருந்தாலும் எடுப்பேன். லோன் வேண்டுமா, கார்டு வேண்டுமா, இன்சூரன்ஸ் போட்டாயிற்றா என்று கேட்பார்கள். எனக்கு ஒருவர் பேச்சை வெட்டத் தெரியாது. முன்பின் அறியாதவர்களிடம் வேண்டாம் என்று சொல்லவும் நாக்கு எழாது. அவர்கள் பேசி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, விலாசம் கேட்டால் அதையும் சொல்லி, "சரிங்க" என்பேன். நான் சரி என்றால் வேண்டும் என்று சொன்னதாக அவர்கள் எழுதிக்கொள்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஒரு சனிக்கிழமை காலை எங்கள் வீட்டு வாசலில் வேன் வந்து நின்றது. உள்ளே ஏற்கெனவே நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். டை கட்டிய ஒருவர் இறங்கி, "மேடம், பிளாட் பாக்க வாரேன்னு சொன்னீங்கள்ல? கெளம்புங்க, மத்தியானச் சாப்பாடு நம்மளோடதுதான்" என்றார்.

வீட்டுக்காரர் பல் தேய்த்துக்கொண்டே எட்டிப் பார்த்தார். "போய்ட்டு வா. வரையில ஒரு ஏக்கர மடியில கட்டிட்டு வந்துரு."

நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். மகள்தான் பேசி வேனை அனுப்பி வைத்தாள்.

அவள் கல்லூரியில் படிக்கிறாள். அன்றைக்கே என் போனை வாங்கி, விளம்பர அழைப்புகள் வேண்டாம் என்று பதிவு செய்ய மெசேஜ் அனுப்பினாள். "இது வேலை செய்யச் சில நாள் ஆகும்மா. அப்பவும் முழுசா நிக்காது. இன்னொண்ணு இருக்கு. அதப் போட்டுட்டா, நீ பேரு போட்டு வச்சிருக்கவுக கூப்பிட்டா மட்டுந்தான் அடிக்கும்."

"அது வேணாம்."

"ஏன்?"

"வேணாம்னா விடு."

"வேனே வந்து நின்னுருச்சு, இன்னுமா? பேரில்லாத நம்பர்ல உன்னய யாரும்மா கூப்பிடப் போறா?"

"உங்க மாமா" என்றேன்.

அவள் போனைக் கையில் வைத்தபடியே உட்கார்ந்துவிட்டாள். என் தம்பியைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசி வெகுகாலம் ஆகியிருந்தது.

நாங்கள் சாணார்பட்டிப் பக்கம். அம்மா சீக்கிரம் இறந்துவிட்டதால் அப்பா, நான், தம்பி மூன்று பேர்தான். மூவருமே அதிகம் வாய் திறக்காதவர்கள். தம்பி வேலை பார்த்த மில்லில் குஜிலியம்பாறைப் பக்கத்துப் பெண் ஒருத்தியை அவனுக்குப் பிடித்திருந்தது. அவர்கள் இந்துக்கள், நாங்கள் கிறிஸ்தவர்கள். அப்பாவோ எங்கள் பங்குக் கோயிலைச் சேர்ந்த ஒரு பெண்ணைப் பார்த்து முடித்துவிட்டார். தம்பி திண்டுக்கல்லுக்கு என் வீடு தேடி வந்தான். "அக்கா, அப்பாகிட்ட நீ சொல்லிரு. எனக்கு வாய் வரல" என்றான். நான் சரி என்றேன்.

நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நாட்கள் போயின. எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசிப்பார்கள். மாப்பிள்ளை பெண் பெயர்களைச் சொல்லி, இந்தத் திருமணத்துக்குத் தடை இருப்பதாக அறிந்தவர்கள் வந்து தெரிவிக்க வேண்டும் என்று சாமியார் அறிவிப்பார். முதல் ஓலை வாசித்தபோது ஆண்கள் பக்கமிருந்து தம்பி திரும்பி என்னைப் பார்த்தான். நான் முக்காட்டை இழுத்துவிட்டுக் குனிந்துகொண்டேன். அடுத்த ஞாயிறும் பார்த்தான். மூன்றாவது ஞாயிறு அவன் கோயிலுக்கு வரவில்லை. வீட்டிலும் இல்லை. பழைய நம்பர் உபயோகத்தில் இல்லை என்றது. எட்டு வருடம் ஆகிறது.

அவன் போய் ஓராண்டு கழித்துத்தான் அந்தப் போன்கள் வரத் தொடங்கின. எடுத்தால் யாரும் பேச மாட்டார்கள். தூரத்தில் ஏதோ இரைச்சல் மட்டும் கேட்கும். கொஞ்ச நேரத்தில் கட்டாகிவிடும். ஒவ்வொரு முறையும் வேறு வேறு நம்பர். வேறு யாராக இருந்தாலும் பேசியிருப்பார்கள். போன் போட்டுவிட்டுப் பேசாமல் நிற்பவர்கள் எங்கள் குடும்பத்தில்தான் உண்டு. அப்பாவும் அப்படித்தான், காதில் வைத்துச் செருமுவதோடு சரி.

அதனால் நானே பேச ஆரம்பித்தேன். முகம் தெரியாததாலோ என்னவோ, அதில் மட்டும் எனக்குப் பேச்சு வந்தது. அப்பாவுக்குக் கண் ஆப்பரேஷன் முடிந்ததைச் சொன்னேன். கிணற்றில் தண்ணீர் ஊறியதைச் சொன்னேன். "சாப்டியா?" என்று கேட்பேன். பதில் வருவதற்குள் கட்டாகும். அப்படி ஒரு போன் வந்த நாளில் எனக்குத் தையல் கோணாது. வாரக்கணக்கில் வராவிட்டால், லோன்காரர்கள் பேசும்போதுகூடப் பின்னால் அவன் இரைச்சல் கேட்கிறதா என்று காதைக் கொடுப்பேன்.

இரண்டு வருடம் முன்பு அப்பா இறந்த அன்று மத்தியானமும் அப்படி ஒரு போன் வந்தது. "அப்பா போயிட்டாருடா. நாளைக்குப் பத்து மணிக்கு அடக்கம். வந்துரு" என்று அழுதேன். சொந்தக்காரர்கள், "தம்பிக்குச் சொல்லியாச்சா?" என்று கேட்டார்கள். சொல்லியாச்சு என்றேன். பதினொரு மணி வரைக்கும் பெட்டியை மூட விடவில்லை. அவன் வரவில்லை. அந்தக் கோபத்தை இரண்டு வருடமாக உள்ளேயே வைத்திருந்தேன். ஆனாலும் அவன் போனுக்குக் காத்திருப்பதை நிறுத்த முடியவில்லை.

இதையெல்லாம் மகளிடம் முதன்முதலாகச் சொன்னேன். அவள் என் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, அது மிஷினும்மா. ஒரே நேரத்துல பத்துப் பேருக்கு அடிக்கும். மொதல்ல எடுக்குறவுகளோட அங்க ஆளு பேசும். மத்தவுக எடுத்தா வெறும் இரைச்சல்தான் கேக்கும், கட்டாயிரும். எனக்கும் வருது."

"உனக்குமா?"

"எல்லாருக்குந்தாம்மா."

நான் சமையல்கட்டுக்குள் போய்விட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. அத்தனை வருடக் கதையையும் எங்கேயோ ஒரு மிஷினிடம் சொல்லியிருக்கிறேன். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அப்பா இறந்ததை அவனிடம் யாருமே சொல்லவில்லை. நான் சொல்லியாச்சு என்றதால் வேறு யாரும் தேடிப் போகவும் இல்லை.

மறுநாள் மகளைக் கூட்டிக்கொண்டு குஜிலியம்பாறை பஸ் ஏறினேன். தம்பிக்குப் பிடித்திருந்த அந்தப் பெண்ணின் ஊர்ப் பெயர் மட்டும் தெரியும். விசாரித்துப் போனோம். பெண்ணின் அம்மா வாசலில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தார். நான் யார் என்று மகள் சொன்னதும் முறத்தைக் கீழே வைத்தார்.

"ஓ, அந்தப் பேசாத அக்காவா? இம்புட்டு வருசமா இந்தப் பக்கம் பஸ்சு ஓடலையாக்கும்?"

எனக்குத் தலை நிமிரவில்லை. அவரே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். தம்பியும் அவர் மகளும் ஈரோட்டுப் பக்கம் சின்னதாக மெஸ் வைத்திருக்கிறார்களாம். நாலு வயதில் ஒரு பையனாம்.

"உங்கப்பாரு சொகமா இருக்காகளா?"

நான் மகளைப் பார்த்தேன். "தாத்தா தவறி ரெண்டு வருசமாச்சு பாட்டி" என்றாள்.

"அடியாத்தீ! மாப்பிள்ளைக்குத் தெரியாதே. போன மாசங்கூட, அப்பாவுக்குக் கோவம் ஆறியிருக்குமா, புள்ளையத் தூக்கிட்டுப் போய்க் காட்டலாமான்னு கேட்டாரே" என்று வாயில் கை வைத்தார். பிறகு, "நான் வேணா பதனமாச் சொல்லிரட்டுமா தாயி?" என்றார்.

"வேணாம்மா. நாந்தான் சொல்லணும்."

நம்பரை வாங்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு வந்தோம். வேப்பமரத்தடியில் நின்று போட்டேன். நாலாவது மணியில் எடுத்தான். "அலோ" என்றான். அப்பாவின் தொண்டை. நான் வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை.

"லோனெல்லாம் வேணாங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

மகள் என் முதுகில் கை வைத்தாள். "திரும்பப் போடும்மா. எடுத்த ஒடனே பேசிரு. ரெண்டு நொடி விட்டா யாருன்னாலும் வைக்கத்தான் செய்வாக."

இந்த முறை அவன் அலோ சொல்வதற்குள் ஒரே மூச்சில் சொன்னேன். "அக்கா பேசுறேன், வச்சிராத, அப்பா போயிட்டாருடா."

பதில் இல்லை. ஆனால் அந்தப் பக்கம் ஆள் இருந்தது. மூச்சு கேட்டது. இலை போடச் சொல்லி யாரோ கத்துவது கேட்டது. மிஷின் பேசாமல் இருப்பதற்கும் மனுசன் பேசாமல் இருப்பதற்கும் எத்தனை வித்தியாசம் என்று அப்போதுதான் தெரிந்தது.

"எப்ப?" என்றான்.

"ரெண்டு வருசமாச்சு."

"யாரும் சொல்லலையே."

"சொன்னதா நெனச்சுட்டேன்டா. தப்பு என்னோடதுதான். அன்னைக்கு ஓலை வாசிக்கையிலயும் நான் எந்திரிச்சுச் சொல்லிருக்கணும்."

ஒரு குழந்தை "யாருப்பா?" என்று கேட்டது. அவன், "பொறகு பேசுறேன்க்கா" என்று சொல்லி வைத்தான். குழந்தையின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

அன்று இரவு, பெயர் உள்ளவர்கள் கூப்பிட்டால் மட்டும் அடிக்கும் என்று மகள் சொன்னதைப் போட்டுக்கொண்டேன். தம்பியின் நம்பருக்குப் பெயர் போட்டு வைத்தபிறகு, இனிமேல் தெரியாத நம்பர் எதுவும் அடிக்க வேண்டியதில்லை. லோன்காரர்கள் நின்றுவிட்டார்கள். பேசாத போன்களும் நின்றுவிட்டன. வேலை இடத்தில் முழுநாளும் போன் சும்மா கிடக்கிறது. மூன்று வாரம் ஆகிறது, தம்பி கூப்பிடவில்லை. நான் ஒருமுறை போட்டேன், எடுக்கவில்லை. கோபமாக இருக்கும். அல்லது அவனுக்கும் வாய் வரவில்லையாக இருக்கும். எங்களை எனக்குத் தெரியும்.

நேற்று அவனுக்கு ஒரு மெசேஜ் எழுதினேன். ஒற்றை விரலால் எழுதி முடிக்கவே கால் மணி நேரம் ஆனது. "கல்லறைத் திருநாள் வருது. அப்பா கல்லறைக்கு வெள்ளையடிக்கணும். முந்தின நாள் காலையில போவேன். நீயும் புள்ளையக் கூட்டிட்டு வா." அனுப்பிய கொஞ்ச நேரத்தில் இரண்டு டிக்குகளும் நீலமாயின, படித்துவிட்டான். பதில் இன்னும் வரவில்லை.

இன்று வேலை முடிந்து வரும்போது கடையில் சுண்ணாம்பு வாங்கினேன். கடைக்காரர் பிரஷ் ஒன்றா இரண்டா என்று கேட்டார். இரண்டு என்றேன்.