பன் எழும்பியது, போன் வரவில்லை

செத்ததுபோல் கிடக்கும் பொடியைக் காட்டி, "இதுக்கு உயிர் இருக்குங்க" என்று சத்தியம் செய்வதுதான் உலர் ஈஸ்ட் விற்பவனின் பிழைப்பு. பேக்கரி பேக்கரியாக ஏறி இறங்கி, ஆறிப்போன பப்ஸோடு அவமானத்தையும் சேர்த்து விழுங்கிய சக பாவிகளே, இது உங்கள் கதையும்தான்.

பாய்லர் தண்ணீர்

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் டீக்கடையோடு சேர்ந்த பேக்கரி. வழக்கமான வித்தையைக் காட்டப் போனேன். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சிட்டிகை சர்க்கரை, மேலே ஈஸ்ட். பத்து நிமிடத்தில் நுரை கட்டும். சுருங்கிக் கிடந்த செல்கள் தண்ணீரைக் குடித்து, தோலைச் சரிசெய்துகொண்டு, பிழைத்து எழ அவ்வளவு நேரமாவது வேண்டும். முதலாளிக்கு ஏது பொறுமை? பாய்லரைத் திறந்து ஆவி பறக்கும் தண்ணீரை டம்ளரில் பிடித்துவிட்டார். நுரையா வரும்?

"சூட்டுல செத்துப்போச்சுங்க" என்றேன். கடையில் இருந்த அத்தனை பேரும் கேட்கிற மாதிரி அவர் சொன்னார்: "எங்க தண்ணிய குத்தம் சொல்லாதீங்க. இதே தண்ணில டீ குடிக்கிறானுங்களே, எவனாவது செத்தானா?"

ஐஸ் போட்ட மாவு

விழுப்புரம் இப்படிக் கைவிட்டதும், திண்டிவனம் அருள்ராஜின் பேக்கரியும் போனால் எனக்கு வேலை இல்லை என்று எங்கள் கம்பெனி மேனேஜர் சொல்லிவிட்டார். அருள்ராஜ் அப்போதுதான் ஈரக்கட்டி ஈஸ்ட்டை விட்டு எங்கள் பொடிக்கு மாறியிருந்தார். பெருமுக்கல் பக்கத்து மாதா கோயில் திருவிழாவுக்கு பன் ஆர்டர். மே மாதம். வெயிலில் மாவு புளித்துப் பொங்காமலிருக்க ஐஸ் போட்டுப் பிசைவது எங்கள் பக்கத்து வழக்கம். மாஸ்டர் அந்த ஐஸ் தண்ணீரிலேயே ஈஸ்ட்டைக் கொட்டிக் கலக்கிவிட்டார். காய்ந்த செல்லின் தோல் ஓட்டை உடைசலாக இருக்கும். இளஞ்சூடு பட்டால் சட்டென்று மூடிக்கொள்ளும். குளிரில் மூடுவதற்குள் உள்ளே இருக்கிற சத்தெல்லாம் ஒழுகிவிடும். மாவு எழும்பாமல் களியாக ஒட்டிக்கொண்டு கிடந்தது. அருள்ராஜ் முதலில் மேனேஜருக்கு போன் போட்டுத் திட்டினார். பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்.

ஓடினேன். ஈஸ்ட்டைத் தனியாக வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, ஐஸை மாவோடு சேர்க்கச் சொன்னேன். பன் பந்தாக எழும்பியது. மாஸ்டர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை: "இந்த மூட்டை நல்ல மைதா. காலைல போட்டதுதான் மட்டம்."

ஒரே ஒரு போன்

நடந்ததை மேனேஜரிடம் சொன்னேன். புகார் சொன்னவரே போன் பண்ணி 'சரியாகிவிட்டது' என்று சொன்னால்தான் என்னை வைத்துக்கொள்வாராம்.

திரும்பவும் திண்டிவனம் போனேன். அருள்ராஜ் நல்ல சந்தோஷத்தில் இருந்தார். பன்னைச் சாப்பிட்டு ஃபாதரே பாராட்டினாராம். மூன்று தடவை கேட்டேன். வேலை போகும் என்று வெட்கத்தை விட்டுச் சொன்னேன். போன் அவர் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "பன்னுதான் வந்துடுச்சே சார், அப்பறம் எதுக்கு போனு? சும்மா பேஜாரு பண்ணிக்கினு!"

காய்ந்த ஈஸ்ட்டுக்கு வெதுவெதுப்பான தண்ணீர் கிடைத்துவிட்டது. அதை வாங்கிக்கொடுத்த நான்தான் இப்போது வேலையில்லாமல் காய்ந்துகொண்டிருக்கிறேன்.