அண்ணன் கண்ட நாய்

சலவைக்கூடத்தில் அவளுக்குப் பூனை என்று பெயர். நடந்தால் சத்தம் கேட்காது, பேசினாலும் அப்படித்தான். அம்மா இறந்த வருடம் படிப்பை விட்டுவிட்டு அண்ணன் வீட்டுக்கு வந்தவள், அண்ணியின் இரண்டு பிள்ளைகளையும் இடுப்பில் வைத்தே வளர்த்தாள். அவர்கள் தலையெடுத்த பிறகு ஒரு பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில் இஸ்திரி மேசைக்கு முன்னால் போய் நின்றாள். நின்றபடியே தலை நரைக்கத் தொடங்கியது. கல்யாணப் பேச்சு வரும், போகும். விரிப்பு மட்டும் ஒரு சுருக்கமில்லாமல் மடங்கும்.

இப்போது அவளால் நிற்க முடியவில்லை. உறவுக்காரர் வீட்டு விருந்துக்குப் போய்விட்டுத் திரும்பிய ஒரு மத்தியானம், அண்ணன் ஓட்டிய கார் பாலத்துச் சுவரில் மோதியது. அண்ணனுக்கு நெற்றியில் கீறல். முன்சீட்டில் இருந்த அவளுக்கு முழங்கால் நொறுங்கியது. இன்னொரு ஆபரேஷன் செய்தால்தான் மறுபடி நின்று வேலை பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

முக்காலியில் உட்கார்ந்தாவது வேலை பார்க்கலாம் என்று அவள் வந்த அன்று, ஊன்றுகோல் சத்தத்தைக் கேட்டு மடிப்பு மேசைக்காரி சிரித்தாள். "பூனைக்கு மணி கட்டியாச்சு. ஆமா, காருக்குக் குறுக்க வந்த அந்த நாய்க்கு உன்மேல என்னடி அவ்வளவு கோபம்?"

நாய் அண்ணி பெற்றது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இவள் அரை மயக்கத்தில் கிடந்தபோது அண்ணி காதோரம் குனிந்து, "குறுக்க நாய் வந்துச்சுன்னு சொல்லிடும்மா. உங்க அண்ணன் ஸ்கூல் வேன் ஓட்டுறவரு. தூங்கிட்டாருன்னு தெரிஞ்சா எவ புள்ளைய ஏத்தி அனுப்புவா? அப்புறம் நம்ம வீட்டு உலை எப்படிக் கொதிக்கும்?" என்றாள்.

போலீஸ்காரர் வந்து கேட்டபோது இவளும் அதையே சொன்னாள். பிறகு பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் சொல்ல வேண்டியிருந்தது. என்ன நிறம் என்று ஒருவர் கேட்க, செம்பட்டை என்றாள் அண்ணி. ஒரு காது கிழிந்திருந்தது என்றான் அண்ணன்.

காது முளைத்த பிறகு அது இவளை விடவில்லை. இஸ்திரி மேசையில் ஆவி விலகும்போது அந்தப் பக்கம் நின்றது. பகலில் கண்ணயர்ந்தால் நடையில் நகம் கீறும் சத்தம் கேட்டது. தாங்களே கட்டிவிட்ட பொய் என்று தெரிந்தும், நல்ல காலையும் நொண்டிக் காலையும் சேர்த்துக் கட்டில்மேல் இழுத்துக்கொள்வாள்.

மடிப்பு மேசைக்காரிதான் அவளை ஜெராக்ஸ் கடை மாடியில் இருந்த வக்கீலம்மாவிடம் கூட்டிப்போனாள்.

"வண்டிய நீங்க ஓட்டுனீங்களா?"

"இல்லைங்க."

"ஸ்டீயரிங்கைப் பிடிச்சு இழுத்தீங்களா?"

"ஐயோ, இல்லைங்க."

"அப்புறம் என்ன? கூட உக்காந்து வந்தவங்க நஷ்டஈடு கேக்கலாம். அது உங்க உரிமை. ஓட்டினவர் கூடப்பொறந்தவரா இருந்தாலும் கேக்கலாம். குடுக்கப்போறது இன்சூரன்ஸ் கம்பெனி. ஆனா அவர் கவனக்குறைவா ஓட்டினாருன்னு காட்டணும். நாய் வந்துச்சுன்னா, யார்மேலயும் தப்பில்லன்னு கம்பெனிக்காரன் கைய விரிச்சிடுவான்." வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றினாள். "நாய் நிஜமா வந்துச்சா?"

அவள் ஊன்றுகோலைப் பார்த்தாள்.

"அண்ணனைக் கூட்டிட்டு வாங்க. ஆனா கால் உங்களோடது, அதை மறக்காதீங்க."

அன்று வக்கீலம்மா சொன்னதை வீட்டில் சொன்னபோது அண்ணி அழவில்லை, கத்தவில்லை. "உன் இஷ்டம்மா," என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாப்பாடு போட்டாள். அதைவிட இவள் திட்டு வாங்கியிருக்கலாம். கால் போனால் தன்னோடு போகட்டும், நாய் இருந்துவிட்டுப் போகட்டும் என்று அந்தத் தட்டுக்கு முன்னாலேயே முடிவு செய்தாள்.

வரச் சொன்ன மரியாதைக்காக இருவரும் போனார்கள். வக்கீலம்மா முன்னால் அண்ணன் நாற்காலி நுனியில் உட்கார்ந்தான்.

"செம்பட்டை நாய்ம்மா. காது கிழிஞ்சது. கண்ணுக்கு நேரா என்னையே பாத்துச்சு." கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தான். "போன வாரம்கூட வந்துச்சு."

"எங்க?"

"அதே பாலத்துகிட்ட. வேன் நிறையப் புள்ளைங்க. நான் பிரேக்கை மிதிச்ச மிதியில ஒரு குட்டிப்பொண்ணுக்கு உதடு கிழிஞ்சிடுச்சு. இறங்கிப் பாத்தேன். ரோட்ல ஒண்ணும் இல்ல."

அண்ணன் பொய் சொன்னால் மூக்கைத் தேய்ப்பான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். இப்போது கை இரண்டும் மடியில் கிடந்தன. தன் கட்டிலுக்கடியில் மட்டும்தான் அது படுத்திருக்கிறது என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

"நாய் இல்லண்ணே," என்றாள்.

அண்ணன் திரும்பினான்.

"நீ தூங்கிட்ட. தலை தொங்குச்சு. தோளைப் பிடிச்சு உலுக்குறதுக்குள்ள சுவரு வந்துடுச்சு. நாய் எதுவும் வரல."

கோபப்படுவான் என்று காத்திருந்தாள். அவன் கைக்குட்டையை மடித்துக்கொண்டே கேட்டான்.

"அப்ப போன வாரம் நான் எதுக்குப் பிரேக் போட்டேன்?"

வக்கீலம்மா ஒரு தாளை இழுத்து வைத்துப் பேனாவைத் திறந்தாள். "போலீஸ்ல ஏன் மாத்திச் சொன்னீங்கன்னு கம்பெனிக்காரங்க குடைஞ்சு கேப்பாங்க," என்றாள் இவளிடம்.

"கேக்கட்டுங்க."

படியிறங்கும்போது அண்ணன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். யார் யாரைத் தாங்கினார்கள் என்று சொல்ல முடியாது. தெருவில் அவர்கள் வந்த வேன் நின்றது. அவன் அதன் கதவருகே போனான், நின்றான், சாவியை எடுத்து அவளிடம் நீட்டினான்.

"பஸ்ல போலாம்," என்றான். "உங்க அண்ணிகிட்ட..."

"நான் சொல்றேண்ணே."