நல்ல சரக்கு

அடிதடி வழக்கில் ஜெயிலுக்குப் போன அக்கா புருஷனை மனு போட்டுப் பார்க்கப் போனேன். ஆரணியில் அவர் பட்டு நெசவாளி. தறியில் அவர் பாதியில் விட்டிருந்த கல்யாணப் புடவையை, ஊர் சுற்றிக்கொண்டிருந்த நான் வந்து முடித்திருந்தேன்.

கம்பிவலைக்கு இரண்டு பக்கமும் ஒரே கூச்சல். நானும் கத்தினேன்.

"மாமா, சரக்கு ரெடி. நாளைக்கு கைமாத்திடறேன்."

பின்னால் நின்ற காவலர் என் சட்டைக் காலரைப் பிடித்தார். ஜெயிலுக்குள் கஞ்சா அனுப்பினால் அனுப்பியவனுக்கும் தண்டனை என்ற சட்டத்தைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். அதைக் காட்டினார்.

"படிக்கத் தெரியுமா?"

"எட்டாவது வரைக்கும் சார்."

"மீதிய உள்ள போய் படிச்சிக்கோ."

மாமா வலைக்குப் பின்னாலிருந்து கெஞ்சினார். "சார், அவன் பட்டுப் புடவைய சொல்லிகினு இருக்கான். எங்க ஊர்ல அதுக்கும் சரக்குன்னுதான் பேரு. அவனையும் புடிச்சிட்டா என்னை ஜாமீன்ல எடுக்க ஆளே இல்லீங்க."

காவலர் என் பையைக் கவிழ்த்தார், வாயை முகர்ந்தார். கடைசியில் என் சட்டையில் ஒட்டியிருந்த சரிகை இழையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகுதான் காலரை விட்டார்.

"இங்க வந்தா புடவைன்னு சொல்லு."

சரி என்று கும்பிட்டேன். வாசல் வரை கூடவே வந்தவர், குரலைத் தாழ்த்தினார்.

"பொண்ணுக்கு கல்யாணம் வச்சிருக்கேன்பா. நல்ல சரக்கா ஒண்ணு பாத்து குடுப்பியா?"