சுவரில் மாட்டிய சிவப்பு மக்

மலைப்பள்ளிகளுக்குப் போய், கற்பதற்குக் கூடுதல் துணை வேண்டிய பிள்ளைகளோடு உட்காருவது என் வேலை. பஸ், வளைவு, பனி, மறுபடி பஸ். தோள்பையில் அட்டைகள், மணிகள், களிமண். பை கனக்கவில்லை; நாள் கனக்கிறது.

கிளியூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கு வாரம் இரண்டு நாள். அங்கே ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி, பேச்சு வராது. காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கும் அவள் அம்மா முதல் நாளே சொல்லிவிட்டார்.

"ஏனுங்க டீச்சர், வெளிய போவோணும்னு இவளுக்குக் கேக்கத் தெரியறதில்லீங்க. பாவாடைய நனைச்சுக்கறா, புள்ளைங்க சிரிக்குதுங்க. இப்படியேன்னா ஊட்டுலயே வெச்சுக்கறனுங்க."

ஆக, எழுத்தும் எண்ணும் அப்புறம். கேட்கத் தெரிந்தால் அவளுக்குப் பள்ளி. இல்லாவிட்டால் பூட்டிய வீடு.

வேண்டியதைத் தொட்டுக் காட்டிக் கேட்கவென்று பள்ளிக்கு வந்திருந்த பட அட்டைகளைத் தலைமையாசிரியை உறை பிரிக்காமல் பீரோவில் பூட்டியிருந்தார். "புள்ளைங்க கையில குடுத்தா ஒரே நாள்ல நாறிப்போயிரும் டீச்சர். ஆபீசர் வந்தா எதைக் காட்டறது?"

கெஞ்சி வாங்கினேன். கழிப்பறை அட்டையில், ஏறி உட்காரும் வெள்ளைப் பீங்கான். சிறுமி நெடுநேரம் பார்த்துவிட்டு, போய் நாற்காலியைத் தொட்டாள். அவள் மேல் என்ன தப்பு? அவள் அறிந்தது தரையோடு பதித்த கழிப்பறை.

அட்டையைத் திருப்பிக் கொடுத்தேன். கழிப்பறையில் தண்ணீர் மொள்ளும் சிவப்பு மக்கைத் தேய்த்துக் கழுவி, வகுப்புச் சுவரில் ஆணியடித்து மாட்டினேன். ஒவ்வொரு முறை அழைத்துப்போகும்போதும் முதலில் அது அவள் கைக்கு வரும். நான் வராத நாட்களில் தலைமையாசிரியை முணுமுணுத்தபடி அதையே செய்தார். வாரங்கள் போயின. மழை ஓய்ந்து பனி வந்தது. ஒரு காலை, யாரும் சொல்லாமல் அவளே எழுந்து போய் மக்கை எடுத்தாள். நான் கதவைத் திறந்துவிட்டேன். கைதட்டக்கூடத் தெம்பில்லை. சாயங்காலம் அவள் அம்மாவிடம் மக்கைக் காட்டிச் சொன்னேன்.

பிறகு ஆபீசர் வந்தார். அட்டைகள் மேசையில் வரிசையாகப் பளபளத்தன. "கக்கூஸ் மக்கைப் போயி சொவத்துல மாட்டி வெச்சா என்ன நெனைப்பாங்க?" என்று தலைமையாசிரியை அதைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். நான் மறுக்கவில்லை. ஒரு மணி நேரம்தானே.

ஆபீசரிடம் அட்டைகளை விளக்கிக்கொண்டிருந்தேன். சிறுமி சுவரடியில் நின்று வெறும் ஆணியைத் தட்டினாள். என்னைப் பார்த்தாள். மறுபடி தட்டினாள். "இரு கண்ணு" என்று கையமர்த்திவிட்டு வாக்கியத்தை முடித்தேன். திரும்பியபோது தரை நனைந்திருந்தது. பின்வரிசையில் சிரிப்பு.

சாயங்காலம் அம்மா வந்தார். ஈரப் பாவாடையைப் பார்த்தார். "போதுமுங்க டீச்சர். நாளையிலிருந்து ஊட்டுலயே இருக்கட்டும்."

"அவ கேட்டாம்மா. நான்தான் பார்த்தும் போகல."

"கேட்டாளா?" அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். "எப்படிங்க?"

சுவரைத் தட்டிக் காட்டினேன். அவர் ஆணியின் அருகே போய் நின்றார். "மக் இல்லாமயேவா?"

"இல்லாமயே."

தலைமையாசிரியை பீரோவைத் திறந்தார். யாரையும் பார்க்காமல், "நான்தான் எடுத்து வெச்சனுங்க. இனி எடுக்க மாட்டேன்" என்றார்.

அம்மா மகளின் தலையைக் கோதினார். "ஒரு வாரம் பாக்கறனுங்க டீச்சர். அவ கேட்டா, அப்பவே போவோணும்."

ஒரு வாரம். மக்கை எடுத்து மறுபடி ஆணியில் மாட்டினேன்.