குறை சொல்ல ஆளில்லாத கடை

பசுவந்தனை ரோட்டில் சோலைராஜ் கடை திறந்த அன்று, பார்த்தவர்கள் எல்லாரும் அதைப் பஞ்சர் கடை என்றே நினைத்தார்கள். 'காடு மேடு ஓடும் வண்டிகளுக்கு ஷாக் டியூனிங் செய்து தரப்படும்' என்று போர்டு மாட்டியிருந்தான். அதை எழுத்துக் கூட்டி வாசித்த ஒருவர், "ஷாக்கு போனா புதுசு வாங்கி மாட்ட வேண்டியதுதான? டியூனிங்கு பண்ணுறதுக்கு அது என்ன ஆர்மோனியமா?" என்று கேட்டார். கேள்வியில் தப்பில்லை. கோவில்பட்டிக்கு அது புதுசு.

சோலைராஜுக்கோ அது ஏழு வருஷப் பிழைப்பு. மஸ்கட்டில் மணல்மேடு ஏறி இறங்கும் வண்டிகளின் ஷாக் அப்சர்பரைக் கழற்றி, உள்ளே இருக்கும் ஆயிலையும் மெல்லிய வட்டத் தகடுகளையும் மாற்றி, பள்ளத்தில் விழுந்தால் வண்டி எவ்வளவு வேகமாக அமுங்க வேண்டும், அமுங்கியது எவ்வளவு நிதானமாக எழும்ப வேண்டும் என்று சரிசெய்து கொடுக்கிற வேலை. இங்கே மணல் இல்லாவிட்டால் என்ன, கரிசல் இருக்கிறது. கோடையில் கால் நுழைகிற வெடிப்பு, மழை பெய்தால் சக்கரத்தோடு சுருண்டு வரும் களி. கரண்ட் எடுக்கும் காற்றாடிகளைப் பார்க்கப் போகும் கம்பெனி ஜீப்புகளும், தோட்டத்துக்குப் போகும் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளிகளின் ஜீப்புகளும் இந்தக் காட்டுப் பாதைகளில்தான் இடுப்பொடிய ஓடுகின்றன. கணக்கைச் சரியாகத்தான் போட்டிருந்தான்.

ஒன்றை மட்டும் அதில் சேர்க்க மறந்துவிட்டான். இந்தத் தொழிலுக்கு முதல் சாமான் ஸ்பேனர் அல்ல, வண்டிக்காரரின் வாய். முதல் தடவை மாட்டிக் கொடுப்பது வெறும் குத்துமதிப்பு. ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, இங்கே இடிக்கிறது, அங்கே தூக்கிப் போடுகிறது என்று அவர் சொன்னால்தான் மறுபடி கழற்றி இன்னொரு தகட்டை மாற்ற முடியும். மஸ்கட்டில் வண்டியை விட்டு இறங்கும்போதே திட்டிக்கொண்டு இறங்குவார்கள். சோலைராஜுக்கு வயிறு குளிர்ந்துவிடும்.

நம் ஜனம் அப்படியா? பந்தியில் சாம்பார் உப்புக் கரித்தாலும், "சாப்பாடு பிரமாதம்" என்று சொல்லி வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு வருகிற ஜனம். ஒருத்தன் மெனக்கெட்டுச் செய்ததை அவன் முகத்துக்கு நேரே குறை சொல்ல நாக்கு எழும்பாது. முதுகுக்குப் பின்னால் என்றால் வேறு விஷயம். அதற்குத்தான் தெருவுக்கு ஒரு டீக்கடை வைத்திருக்கிறோம்.

முதலில் வந்தவர் தீப்பெட்டி ஆபீஸ் நந்தகோபால். மாட்டிக் கொடுத்த ஷாக்கோடு புதூர்ப் பக்கம் இருந்த தன் தோட்டத்துக்குப் போய்விட்டு வந்தார்.

"எப்படி முதலாளி இருக்கு?"

"தங்கம்! ஒரு கொறையும் இல்ல."

தன் அண்ணன் வண்டியையும் அனுப்பி வைப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் வண்டியும் வரவில்லை, அவரும் வரவில்லை. அடுத்து வந்தவர்களும் ஒரு கொறையும் இல்லை என்று சிரித்துவிட்டுப் போனவர்கள்தான். ஒருவரும் திரும்பி எட்டிப் பார்க்கவில்லை. சோலைராஜ் கடையில் உட்கார்ந்து ஈ ஓட்டினான்.

ஆவணி பிறப்பதற்குள் கடை காலூன்றாவிட்டால் மஸ்கட்டுக்கே திரும்பிவிடுவது என்று வைத்திருந்தான். பழைய மேனேஜர் நாகர்கோவில்காரர். "உன் இடம் காலியாத்தான் இருக்கு" என்று அவ்வப்போது கூப்பிட்டுச் சொல்வார். அதைக் கேட்கும்போதெல்லாம் சோலைராஜுக்கு மகள் ஞாபகம்தான் வரும். போன தடவை கிளம்பும்போது மகள் தவழ்ந்துகொண்டிருந்தாள். திரும்பி வந்தபோது, யாரோ விருந்தாளி வந்திருக்கிறார் என்று உள்ளே ஓடி அம்மா சேலைக்குள் ஒளிந்துகொண்டாள். இப்போதுதான் அவன் தோளில் ஏறப் பழகியிருக்கிறாள். மறுபடி முதலிலிருந்தா?

ஆடி மாசம், பேய்க்காற்று. காற்றாடிக் கம்பெனி ஜீப்பை ஓட்டும் கொம்பையா ஷாக் மாட்ட வந்தவர், வேலை முடிந்து ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "நல்லாருக்கு அண்ணாச்சி" என்று டீயை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். அப்போது பார்த்து ரோட்டில் நந்தகோபாலின் ஜீப் போனது.

"அந்தா போகுதுல்லா, தீப்பெட்டி முதலாளி வண்டி! போன வாரம் அதுல எப்போதும்வென்றான் ஊரு வரைக்கும் போனேன். ஏ அப்பா! முன்பக்கம் பஞ்சு கணக்கா அமுங்குது, பின்பக்கம் கழுத கணக்கா உதைக்குது. ஒரு வரப்பு ஏறி இறங்குனா ஒரு தடவ குதிக்கணும். இது குதிச்சிக்கிட்டே போகுது. எந்தப் பய மாட்டிக் குடுத்தானோ!"

"நான்தான் மாட்டிக் குடுத்தேன்" என்றான் சோலைராஜ்.

கொம்பையா நாக்கைக் கடித்துக்கொண்டார். "அது வந்து... நல்லாத்தான் இருந்துச்சு..."

"ஓய், இன்னொரு தடவ நல்லாருக்குன்னு சொன்னீரு, டீக்கு நீருதான் காசு குடுக்கணும்."

சோலைராஜுக்குக் கோபமே வரவில்லை. எந்தத் தகட்டை மாற்ற வேண்டும், எந்தப் பக்கம் கெட்டி ஆயில் ஊற்ற வேண்டும் என்பதெல்லாம் அந்த வசவுக்குள்ளேயே இருந்தது. இவர்களுக்கு வாய் இல்லாமல் இல்லை. அடுத்தவன் செய்த வேலை என்றால் அருவியாய்க் கொட்டுகிறது.

மறுநாள் நந்தகோபாலிடம் போய் நின்றான். "ஒரு ஒத்தாசை முதலாளி. மதுரைக்காரன் ஒருத்தன் செஞ்ச ஷாக்கு எங்கிட்ட வந்திருக்கு. உங்க வண்டியில மாட்டித் தாரேன். ஓட்டிப் பாத்து என்ன கோளாறுன்னு சொல்லணும்."

பொய்தான். அவருடைய ஷாக்குகளையே கழற்றி, துடைத்து, திரும்ப மாட்டிக் கொடுத்தான். நந்தகோபால் போய்விட்டு வந்து, சீட்டை விட்டு இறங்காமலே ஆரம்பித்தார். "யாருவே இந்த மதுரைக்காரன்? இவன் என்னைக்காவது வண்டியில ஏறியிருக்கானா?" டீ ஆறிப்போகும்வரை நிறுத்தவில்லை. சோலைராஜ் கைகட்டி நின்று, பிள்ளையின் மார்க்கைக் கேட்கிற தகப்பன் மாதிரிப் பூரித்துப்போய்க் கேட்டுக்கொண்டிருந்தான்.

அதன்பிறகு தகடுகளை மாற்றிக் கொடுத்தான். அடுத்த வாரம் நந்தகோபால் தானாகவே வந்தார். "எம் பொண்டாட்டி இந்த ஜீப்புல ஏறவே மாட்டேன்னு சபதம் போட்டவ. நேத்து தோட்டத்துக்குப் போகையில தூங்கி வழிஞ்சிட்டா வே!" அண்ணன் ஜீப் பின்னாலேயே நின்றது. அதே பொய்யைச் சொன்னதில், மதுரைக்காரன் புண்ணியத்தில் கொம்பையாவின் ஜீப்பும் சரியானது, அவருடைய கம்பெனியிலிருந்து மற்ற ஜீப்புகளும் ஒவ்வொன்றாய் வந்தன.

அந்த நேரத்தில்தான் மேனேஜர் கூப்பிட்டார். சம்பளம் முன்னைவிடக் கூடுதல், தங்க இடம் தனி. சாயங்காலத்துக்குள் பதில் வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்.

சோலைராஜ் ஆடிப்போனான். கடை இப்போதுதான் தவழ்கிறது. நாலு ஜீப்பை நம்பி நிச்சய வருமானத்தைத் தள்ளலாமா? வீட்டுக்குப் போனான். மாடியில் வத்தல் காயப் போட்டுக்கொண்டிருந்த மனைவி பாண்டிச்செல்வியிடம் விஷயத்தைச் சொன்னான்.

"போயிட்டு வாங்க" என்றாள் அவள், கை நிற்காமல். "எங்களுக்கு என்ன, ஒரு கொறையும் இல்ல."

அதே வாக்கியம். ஏழு வருஷமாகப் போனில் அவள் சொன்னதும் இதுதான். நல்லாருக்கியா என்று கேட்பான். நல்லாருக்கோம், ஒரு கொறையும் இல்ல என்பாள். அவனும் நிம்மதியாகப் போனை வைத்துவிடுவான்.

அவன் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தான். பக்கத்து வீட்டு முத்துச்செல்விக்குச் சித்திரையில்தான் கல்யாணம் ஆனது. அவள் புருஷனுக்குச் சிங்கப்பூர் விசா வந்திருந்தது.

"முத்துச்செல்வி மாப்பிள்ளையும் போறானாமே" என்றான். "அவளுக்கு எப்படி இருக்கும்?"

பாண்டிச்செல்வியின் கை நின்றது.

"அவளுக்கா? பாவம் அவ. ஒரு விசேஷ வீட்டுக்குப் போக முடியாது. மாப்பிள்ள வரலையான்னு ஆளாளுக்குக் கேப்பாவ. பிள்ளைக்குக் காச்சல் வந்து, அடைமழையில ஆட்டோ ஓடைக்கிட்ட களியில பொதஞ்சிரும். பிள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டு, செருப்பக் கையில எடுத்துக்கிட்டு, அழுதுக்கிட்டே ஆஸ்பத்திரிக்கு நடப்பா. மறுநா அவன் போன் பண்ணி நல்லாருக்கியான்னு கேப்பான். அம்புட்டுத் தூரத்துல கெடக்கவங்கிட்ட என்னத்தச் சொல்ல? நல்லாருக்கேன்னு சொல்லுவா. அவன் திரும்பி வந்து சோத்துக்கு உக்காந்தா, அவனுக்கு உப்பு எம்புட்டு வேணும்னுகூட இவளுக்குத் தெரியாது. விருந்தாளிகிட்ட கேக்க மாதிரி கேக்கணும்."

முத்துச்செல்விக்குப் பிள்ளை ஏது? சோலைராஜ் அதைக் கேட்கவில்லை. பாண்டிச்செல்வி முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி வத்தலைப் பரப்பினாள்.

அங்கேயே உட்கார்ந்தபடி மேனேஜருக்குப் போன் போட்டான்.

"வரலை சார்."

"ஏம்ப்பா? அங்க ஏதும் பிரச்சனையா? வீட்ல எல்லாரும் நல்லாருக்காங்கல்ல?"

வாய் வழக்கப்படி நல்லாருக்கோம் என்றுதான் வந்தது. அதை விழுங்கிவிட்டு அவளைப் பார்த்தான்.

"இல்ல சார்" என்றான். "நெறைய கொற இருக்கு. இங்கன இருந்துதான் சரிபண்ணணும்."