எந்தக் கை என்று கேட்டேன்

கல்முனையில் நாங்கள் போட்ட நாடகத்துக்கு எழுத்து என்னுடையது. சுனாமியில் உறவுகளை இழந்தவர்களிடம் கேட்டு, அதை மேடைக்குக் கொண்டுவருவது திட்டம். ஒத்திகை, பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு, ஒரு பாடசாலை மண்டபத்தில். நெறியாளர் மட்டக்களப்பிலிருந்து பஸ்ஸில் வரும் பெண். அவர் ஓர் ஒழுங்கு வைத்திருந்தார். ஒருவருடைய கதை மேடைக்குப் போவதென்றால், அவர் இரண்டு வெவ்வேறு நாட்களில் சம்மதம் சொல்ல வேண்டும். யாரும் துருவிக் கேட்கக் கூடாது.

"இது பேட்டி இல்ல சேர்," என்று முதல் நாளே என்னிடம் சொன்னார். "இண்டைக்கு சொல்லலாம் எண்டு நினைக்கிறவங்க நாளைக்கு அப்படி நினைக்க மாட்டாங்க."

எனக்கு அது நேரத்தை வீணாக்கும் வேலையாகப் பட்டது. முப்பது வருடம் நிருபராக இருந்தவன் நான். பெயரையும் ஊரையும் மாற்றினால் போதும் என்பதே நான் பழகிய ஒழுங்கு.

எங்களுக்கு உடுப்புத் தைத்தவர் கடற்கரைப் பக்கத்துப் பெண்; ஐம்பது வயதிருக்கும். வட்டமாக இருந்து கதைத்தபோது, "எனக்கு இண்டைக்கு வேணாம்" என்றார். எல்லோரும் விட்டுவிட்டார்கள். தேநீர் நேரத்தில் நான் அவருடைய தையல் மெசினுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டேன்.

"காக்கா பென்சன் எடுத்தும் விடமாட்டீங்க போல," என்று, அண்ணன் முறையில் என்னைக் கூப்பிட்டுச் சிரித்தார். பிறகு தைத்துக்கொண்டே சொன்னார். தண்ணீர் அவர் உடுத்திருந்ததை உரிந்துகொண்டு போனது. எதிர்வீட்டு மாடியில் ஆண்கள் நின்றார்கள். துணியை எட்டிப் பிடிக்க ஒரு கையை விட்டார். அந்தக் கையில் நாலு வயது மகள் இருந்தாள்.

"எந்தக் கை, தங்கச்சி?" என்று கேட்டேன்.

மெசின் நின்றது. "இடது," என்றார்.

அடுத்த நாள் எழுதினேன். ஊரைத் தெற்கே இருக்கும் திருக்கோவில் என்று மாற்றினேன், மகளை மகன் ஆக்கினேன். இடக் கையை மட்டும் மாற்றவில்லை. நல்ல விவரம், விட மனம் வரவில்லை. யாருடைய கதை என்று நெறியாளர் கேட்டார். பல பேர் சொன்னதைச் சேர்த்து எழுதியது என்று பொய் சொன்னேன்.

அந்தக் காட்சியில் நடித்த பிள்ளை தையல்காரருடைய கணவரின் தங்கை மகள். ஒத்திகையில் அவள் இடக் கையை விரித்துக் காட்டியபோது தையல்காரர் எழுந்து வெளியே போனார். நானும் போனேன்.

"என்ட மாப்பிளைக்குத் தெரியா காக்கா," என்று கணவரைப் பற்றிச் சொன்னார். "அலை பறிச்ச எண்டுதான் இத்தின வருசமும் சொல்லி வெச்சிருக்கன். அவரும் நாடகம் பாக்க வாறாராம்."

"ஊரெல்லாம் மாத்தித்தானே எழுதினன்."

"திருக்கோவில் எண்டு எழுதினாலும் அது என்ட புள்ளதானே."

நான் கையிலிருந்த பிரதியைச் சுருட்டினேன்.

"எந்தக் கை எண்டு ஒருத்தரும் கேக்கல்ல," என்றார். "நீங்க கேட்டீங்க. சொல்லிட்டன்."

உள்ளே வந்து அந்தக் காட்சியை வெட்டப்போவதாகச் சொன்னேன். காரணத்தைச் சொன்னால் அவரைக் காட்டிக் கொடுத்ததாகிவிடும். நடித்த பிள்ளை விடவில்லை.

"என்ன மாமா, நாடகத்திலயே அதுதான் நல்ல இடம்! அப்படி உண்மையா நடந்ததா?"

"இல்ல மகள். நான் கற்பனையில எழுதினது."

"அப்படியெண்டா நீங்க பெரிய கெட்டிக்காரன்," என்றாள். இரண்டு பேர் கைதட்டினார்கள். தையல்காரர் திரும்பி வந்து, தலை நிமிராமல் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். நெறியாளர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எழுத்துப் பிரதிகளை எல்லோரிடமும் வாங்கி, அந்தக் காட்சி இருந்த தாள்களைக் கிழித்தெடுத்து, என்னிடம் தந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

நாடகத்தன்று தையல்காரருடைய கணவர் வந்திருந்தார். முடிந்ததும் ஸலாம் சொன்னார். கண் சிவந்திருந்தது.

"எங்கட மகளையும் அலைதான் பறிச்ச," என்றார். "இவ ஒங்களுக்கிட்ட சொல்லியிருப்பாதானே?"

மண்டபத்தில் பெண்கள் பகுதியில் நின்ற அவர் மனைவி, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.