சவரிமுத்துவின் ஈயத்தாள்

பிரஜாவுரிமை மனுவில் படம் ஒட்ட வேண்டியிருந்த காலம் அது. டிக்கோயாவில் என் வீட்டு முன்னறையை ஸ்டூடியோ ஆக்கியிருந்தேன். கொழும்பில் வாங்கிய பெரிய விளக்கு, மாளிகை வரைந்த திரை எல்லாம் இருந்தும், கூட்டம் என்னவோ தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் மேல் லயத்துச் சவரிமுத்துவிடம்தான் போனது. அவனிடம் இருந்தது ஒரு பழைய கேமராவும், பின்னால் கட்ட ஒரு வெள்ளை வேட்டியும். எனக்கு வயிறு எரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒளிந்து நின்று பார்த்தேன். கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தியை லயத்து வாசலில் உட்கார வைத்திருந்தான். தேயிலைப் பெட்டியின் உள்ளே விரிக்கும் ஈயத்தாளைப் பலகையில் ஒட்டி, அவள் முகத்தருகே பிடித்தான். இருண்டு கிடந்த கன்னம் பளிச்சென்று தெரிந்தது.

நேரே தேயிலைத் தொழிற்சாலைக்கு, அதன் பொறுப்பாளரான டீமேக்கரிடம் போனேன். "டீமேக்கர் ஐயா, சவரிமுத்து ஈயத்தாளத் திருடி வச்சிருக்கான்" என்றேன். திருட்டென்றால் வேலையும் போகும், லயமும் போகும். தெரிந்தேதான் சொன்னேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அது கிழிஞ்ச தாளு. நான்தான் குடுத்தேன்."

மறுநாள் சாயங்காலம் சவரிமுத்து என் வாசலில் நின்றான். கையில் பாதியாக வெட்டிய ஈயத்தாள்.

"அண்ணே, இதப் பத்தி நீங்க வெசாரிச்சீங்கன்னு ஐயா சொன்னாங்க. என்கிட்டயே கேட்டிருக்கலாமே. இந்தாங்க, பாதி உங்களுக்கு."

டீமேக்கர் அவனிடம் எவ்வளவு சொன்னார் என்று கேட்க இன்றுவரை எனக்குத் தைரியம் வரவில்லை. அந்தத் தாளை வாங்கிக்கொண்டபோதும் அவன்மேல் பொறாமைதான் பட்டேன். ஆனால் அது கூட்டத்துக்காக அல்ல.